மாப்பிள்ளை போட்ட கொக்கி

கார் மேல் இருந்த கேரியர் ஒருவழியாக ஷெட்டின் கூரைக்கு இடம் மாறிவிட்டது. சொல்வதற்கு ஒரு வரிதான். செய்து முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சானின் நல்ல சட்டை, அப்பாவின் பொறுமை எல்லாம் காலி.

கழற்றச் சொன்னது வீட்டம்மா. ஊருக்குப் போய் வந்து மூட்டை முடிச்சை எல்லாம் இறக்கிய பிறகும் அது இறங்காமல் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் வேகமெடுத்தால் விசிலடிக்கும். குறுக்குக் கம்பியில் மோதும் காற்று பின்னால் சுழல்வதால் வரும் சத்தம் அது என்று விளக்கினேன். "சுழலட்டும், அதுக்கு நம்ம தலைக்கு மேலதான் இடம் கிடைச்சுதா?" என்றாள். அத்துடன் அறிவியல் முடிந்தது.

அப்பாவுக்குக் கழற்றுவதில் உடன்பாடில்லை. ஒரு பொருளைக் கழற்றினால் அதை வைக்க இடம் தேட வேண்டும், மாட்டியே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்பது அவர் கட்சி. என்னால் மறுக்க முடியவில்லை. மச்சான் மறுத்தார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், காலி கேரியர்கூட எரிபொருளைத் தின்னும் என்றார்.

அப்பா மாப்பிள்ளையை எதிர்த்து நேரடியாக ஒரு வார்த்தை பேச மாட்டார். அக்கா கல்யாணத்திலிருந்தே அப்படித்தான். சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போகும். என் பக்கம் திரும்பி, "டேய், நீ ஓட்டுற வேகத்துக்குக் காத்து எதிர்க்குதா? காத்து உன்னை முந்திக்கிட்டுப் போகுதுடா" என்றார். மச்சானுக்கு ஓங்கிய அடி, விழுந்தது எனக்கு.

கழற்றுவது ஒன்றும் பெரிய வேலையாக இல்லை. ஒரு நட்டு மட்டும் துருப்பிடித்து அடம்பிடித்தது. ரப்பர் பட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் கார் வாங்கிய அன்றைய நிறம் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் வெளிறிப்போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

எங்கே வைப்பது? தரையில் போட்டால் முழங்காலுக்குக் கீழே எல்லோருக்கும் காயம். சுவரில் சாய்த்தால் என்றாவது கார் மேலேயே சாயும். பரணில் நுழையாது. நுழைந்தாலும் பரணில் இருப்பதை இறக்க அம்மா விடமாட்டாள். மிச்சம் இருப்பது ஷெட்டின் கூரைதான். கப்பி மாட்டி, கயிறு போட்டு, காருக்கு மேலேயே ஏற்றிவிடலாம், வேண்டும்போது காரைக் கீழே நிறுத்தி அப்படியே இறக்கிக்கொள்ளலாம் என்று மச்சான் திட்டம் சொன்னார். சொல்லும்போது அருமையாகத்தான் இருந்தது.

கான்கிரீட் கூரையில் அண்ணாந்து துளை போடுவதைப் போன்ற தண்டனை வேறு கிடையாது. தூசி முழுக்க முகத்தில். மச்சான் என் பெண்ணின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். இளஞ்சிவப்பு நிறம், ஓரத்தில் ஒரு மீன். மாப்பிள்ளை அந்தக் கோலத்தில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா குடையைத் தலைகீழாக விரித்து டிரில்லுக்குக் கீழே பிடித்தாள். உண்மையில் அன்றைக்கு நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். தூசியெல்லாம் குடைக்குள் விழுந்தது.

பூச்சைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் போனால்தான் ஆங்கர் போல்ட் பிடிக்கும், தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்கு பிளாஸ்டிக் பிளக் கூடவே கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டே மச்சான் துளைத்தார். ஒரு மூலையில் ஸ்லாப் கம்பி தட்டியது. இடம் மாற்றினார். இடம் மாற்றியதில் கொக்கிகள் நேர்கோட்டில் வரவில்லை. அதனால் இன்னொன்று. நாலு மூலைக்கு ஐந்து கொக்கி. "டேய், மிச்சக் கொக்கியில என்னைத் தொங்கவிடப் போறாரான்னு கேளு" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை.

அடுத்தது கப்பிச் சண்டை. கூரையோடு கட்டிய கப்பி இழுக்கும் திசையைத்தான் மாற்றும், பாரத்தோடு சேர்ந்து ஏறும் கப்பி ஒன்று இருந்தால்தான் பாரம் பாதியாகும் என்றார் மச்சான். வாலிபம் முழுக்கக் கிணற்றில் இறைத்தவரிடம் கப்பியைப் பற்றிப் பேசலாமா? "பாரம் பாதின்னா கயிறு ரெண்டு மடங்கு இழுக்கணும்டா. இதுல என்ன மிச்சம்?" இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால்தான் சண்டை ஓயவில்லை.

இழுத்தோம். முன்பக்கம் கிளம்பியது, பின்பக்கம் வரமாட்டேன் என்றது. பின்பக்கம் வந்தபோது முன்பக்கம் இறங்கியது. பாடை தூக்கத் தெரியாதவர்கள் தூக்கியது மாதிரி கேரியர் ஆடி ஆடி மேலே போனது. கயிற்றைச் சுவரில் கட்டி, நம்பிக்கை இல்லாமல் ஒரு சங்கிலியும் போட்டு, கைதட்டி முடித்த பிறகு வீட்டம்மா வந்து டிக்கியைத் திறந்தாள். டங். மச்சான் டேப் வைத்து அளந்ததெல்லாம் டிக்கி மூடியிருந்த காரை. மறுபடி இறக்கி, ஒரு சாண் முன்னால் தள்ளி, மறுபடி ஏற்றினோம். அந்த நேரத்தில் யாரும் யாருடனும் பேசவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். அப்பாவின் இடது தோள் இறுகிப்போய்க் கை மேலே வராமல் இருப்பது தெரிந்த விஷயம்தான். கயிறு கப்பிப் பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் சொன்னார், வாங்கியும் கொடுத்தேன். உறைகூடப் பிரிக்கவில்லை. "கதவுல மாட்டித் தொங்க நான் என்ன துண்டா?" என்று அலமாரிக்குள் போட்டுவிட்டார். அக்கா அழுது பார்த்தாள், அம்மா திட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலை காரை எடுக்கப் போனால் உள்ளே கிரீச் கிரீச்சென்று சத்தம். அந்த ஐந்தாவது கொக்கியில் டாக்டர் சொன்ன கயிறு தொங்குகிறது. கீழே நாற்காலி போட்டு அப்பா. வலது கை கீழே இழுக்க, இடது கை மெதுவாக ஏறியது. தோள் வரை வந்து நின்றது. பல்லைக் கடித்தார். இன்னும் கொஞ்சம் ஏறி, காது ஓரம் வரை வந்து, நடுங்கி, இறங்கியது. என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை போட்ட கொக்கி தாங்குதான்னு பார்த்தேன்."

"தாங்குதாப்பா?"

"ஒரு நாள்ல எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்து தினமும் சோதனை நடக்கிறது. நான் அலுவலகம் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் நடக்கிறது. நாற்காலியை நகர்த்தச் சொன்னால் "இரு, இன்னும் முடியலை" என்கிறார். எனவே கார் இப்போது ராத்திரியே வெளியே நின்றுவிடுகிறது. ஷெட்டுக்குள் கேரியர் பத்திரமாக இருக்கிறது. வெளிறிப்போன காரின் தலையைக் காக்கைகள் பார்த்துக்கொள்கின்றன. இதை மச்சானிடம் புலம்பினால், அப்படியானால் காருக்குத் தனியாக ஒரு கூரை போட்டுவிடலாம், அடுத்த ஞாயிறு டிரில்லோடு வருகிறேன் என்கிறார்.