டிரையர் உறுமுது, ஆனா சுத்தலை

மதுரைக்காரனுக்கு டிரையர் எதற்கு, மொட்டை மாடியில் போட்டால் துணி அப்பளமாகிவிடுமே என்று கேட்பீர்கள். சித்திரை வெயிலுக்கு அது சரி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து, ஜீன்ஸும் பெட்ஷீட்டும் காயாமல் கொடியிலேயே கிடந்து மக்கின வாடை அடிக்கும்போதுதான் எங்கள் வீட்டு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் அருமை தெரியும். தொண்ணூறுகளில் அம்மா தவணையில் வாங்கிய மெஷின், துவைக்கிற தொட்டி தனி, பிழிகிற தொட்டி தனி, இந்தப் பிழிகிற தொட்டிதான் டிரையர். தகர உடம்பு அடியில் துருப்பிடித்திருக்கிறதே தவிர, மற்றபடி ஆள் கெட்டி.

இந்த மழைக்கு அது மக்கர் செய்தது. டைமரைத் திருகினால் ம்ம்ம் என்று உறுமல், தொட்டி மட்டும் அசையவில்லை. வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழற்றாமல், "அண்ணே, காயில் போச்சு, ரீவைண்டிங் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்றார். காயில் கருகினால் வாடை காட்டிக்கொடுத்துவிடும், இங்கே அப்படி ஒன்றும் இல்லை. சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டும், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சத்தமே இல்லையென்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. பிளக், டைமர், மூடியைத் திறந்தால் மோட்டாரை நிறுத்துகிற மூடி சுவிட்ச், எலி கடித்த வயர் என்று அந்தப் பக்கம் தேடலாம். உறுமுகிறது என்றால் கரண்ட் வருகிறது, ஆனால் எதுவோ பிடித்து நிறுத்துகிறது, இல்லை கிளம்புவதற்கான உந்தல் போதவில்லை. தொட்டிக்கு அடியில் சாக்ஸ், கர்ச்சீப் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். சொல்லத்தான் ஒரு வரி. எங்கள் போர் தண்ணீரின் உப்பு ஏறி ஸ்க்ரூ எல்லாம் இறுகிப்போயிருந்தது, தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் அசைக்க முடிந்தது. உள்ளே டிரையர் மோட்டார் ரப்பர் கால்களின் மேல் நிமிர்ந்து நிற்கிறது, அதன் தலையில் பிரேக் டிரம், டிரம்மை ஒட்டி பிரேக் கட்டை. மோட்டாரைச் சுற்றிக் கறுப்பாக, மை மாதிரி மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தது. விரலில் தேய்த்தால் ஒட்டுகிறது. பிரேக் கட்டை தேய்ந்து உதிர்ந்த தூள்தான் அது.

மூடியைச் சாத்தினால் ஒரு கம்பி பிரேக் கட்டையை டிரம்மிலிருந்து இழுத்து விலக்கும், திறந்தால் ஸ்பிரிங் அதை மறுபடி அழுத்தும். அதனால் மூடி சாத்தியிருக்கும்போது டிரம்மைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும், திறந்தால் இறுக வேண்டும். எனக்கு இரண்டு நிலையிலும் இறுக்கம். இத்தனை வருடத்தில் கம்பி நீண்டு தொய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் முனையில் இருந்த பிளாஸ்டிக் பட்டையில் அடுத்த ஓட்டையில் மாட்டியதும் டிரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

ஆனால் ஸ்விட்சைப் போட்டால் வெறும் தொட்டி முனகி முனகிக் கிளம்பியது, ஈரத்துணி போட்டதும் நின்றுவிட்டது. அப்படியானால் கண்டென்சர். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவதென்று தானாகத் தெரியாது, இரண்டாவது காயிலுக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கரண்ட் அனுப்பி அதைக் கிளப்பிவிடுவது கண்டென்சர்தான். உள்ளே இருக்கிற பிலிம் வருடக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேதமாகி, அளவு குறைந்துகொண்டே வரும். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரில் பழைய குண்டு பல்பின் வயரைத் தொடவைத்து மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு (பொறி பறக்க ஸ்க்ரூடிரைவர் வைக்கிற வீரம் எனக்கு வேண்டாம்) மீட்டரில் பார்த்தேன். மேலே போட்டிருந்தது 5 மைக்ரோஃபாரட், காட்டியது 3-க்கும் கீழே.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில், "எட்டு போடுங்க சார், சூப்பரா சுத்தும்" என்றார்கள். அதனால் வேகம் கூடாது. வேகத்தை முடிவு செய்வது 50 ஹெர்ட்ஸ் கரண்டும் மோட்டாரின் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையும்தான். நாலு துருவ மோட்டார் என்ன செய்தாலும் நிமிடத்துக்கு 1500 சுற்றைத் தாண்டாது. பெரிய கண்டென்சர் போட்டால் இரண்டாவது காயில் சூடாகும், அப்புறம் நிஜமாகவே ரீவைண்டிங். அதே 5, அதே 440 வோல்ட் கேட்டு வாங்கினேன், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது பெட்ஷீட்டையும் சேர்த்துச் சுழற்றுகிறது.

இன்னொன்று, மூடி சுவிட்ச் மக்கர் செய்தால் சிலர் சுவிட்ச் இல்லாமலே வயரை நேராக இணைத்து, டைரக்ட் பண்ணிக் கொடுத்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த வேகத்தில் சேலை முந்தானையோ துப்பட்டாவோ மாட்டினால் கையோடு இழுத்துக்கொண்டு போகும்.

பாக்கி இருப்பது தொட்டிக்கு அடியில் உள்ள ரப்பர் சீல். பிழியும்போது மோட்டார் மேலேயே ஒவ்வொரு சொட்டாக விழுகிறது, விட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோனால்தான் அளவு பார்த்துத் தருவார்களாம். அம்மாவோ ஊறவைத்த துணியையெல்லாம் பிழிந்து முடிக்கும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.