கியர் விழலையா? எஞ்சினை அணைச்சுப் பாருங்க

ஓடும்போது விழாத கியர், எஞ்சினை அணைத்ததும் சுலபமாக விழுந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. கேபிள் கிளட்ச் வண்டியில் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்) என்றால் டப்பாவில் கிளட்ச் ஆயில் மட்டம் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் அதே டப்பாதான். குறைந்திருந்தால் ஸ்லேவ் சிலிண்டரின் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் உறையை விலக்குங்கள். ஈரமிருந்தால் கசிவு அங்கேதான். சிலிண்டரை மாற்றி, டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை பிளீட் செய்யுங்கள், அதாவது பெடலை மிதித்து நிப்பிள் (சிலிண்டரில் உள்ள சின்னத் திருகு) வழியாகக் காற்றை வெளியேற்றுங்கள். நிப்பிளை இறுக்கிய பிறகே பெடலை விடணும். இல்லையென்றால் காற்று திரும்ப உள்ளே போகும்.

அணைத்தும் விழவில்லையா? கியர் கேபிள் முனையின் புஷ் (முனையைப் பிடிக்கும் சின்ன வளையம்) உடைந்திருக்கலாம். சின்ன சாமான், சென்னையில் வண்டி உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோட்டில் தேடுங்கள்.

வேளச்சேரி வெள்ளத்தில் நாலு நாள் நின்ற வண்டியென்றால், கிளட்ச் விடுபடாததற்குக் காரணம் வேறாக இருக்கலாம்: கிளட்ச் தட்டு துருவேறி ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) ஒட்டியிருக்கலாம்.