அப்பாவின் சிவப்பா, கம்பனியின் சிவப்பா

பங்குனி முதல் ஞாயிறு, யாழ்ப்பாணத்தில் எங்கள் நீர்வேலி வீட்டுக் கொட்டிலுக்குள் நின்ற ட்ரக்டரை வெளியே தள்ளினோம். நானும் மகனும், பக்கத்து வளவுத் தம்பிமார் இரண்டு பேரும். 2019-ல் அப்பா காலமான பிறகு அது ஓடவில்லை. முன் ரயர் இரண்டிலும் காற்று இல்லை. இருக்கைக்குக் கீழே கோழி அடைகிடந்த வைக்கோல். வெயிலில் வந்து நின்றதும் மகன் கேட்டான்: "அப்பா, இது என்ன கலர்?"

சிவப்பு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பொனட் வெளிறிப் போன செங்கல் நிறம். இடது மட்காட் நடுவில் வெறும் இரும்பு. கியர்பொக்ஸ் முழுக்கக் கருப்புப் பிசுக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே ஐந்து மாதம் போய்விட்டது.

வண்டி மசி பெர்குசன் 35. மீற்றர்ப் பலகையில் உள்ள தகட்டு இலக்கத்தின்படி 1961-ல் இங்கிலாந்தின் கொவன்ட்ரியில், பானர் லேன் தொழிற்சாலையில் செய்தது. பேர்க்கின்ஸ் ஏ3.152 டீசல் இயந்திரம். மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம் என்பதுதான் அந்தப் பெயர். 35 முதலில் வந்தபோது தகரமெல்லாம் சாம்பல், இயந்திரம் பொன்வெண்கல நிறம். 1957 கடைசியில்தான் தகரத்தைச் சிவப்பாகவும் இயந்திரத்தையும் கியர்பொக்ஸையும் சாம்பலாகவும் மாற்றினார்கள். ஆக, எங்கள் வண்டி பிறந்ததே சிவப்பாகத்தான்.

இனி என்ன செய்வது என்பதில் வீட்டில் மூன்று கருத்து. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி நல்லூர்த் தேருக்கு வரப்போகிறான். "அண்ணா, நான் காசு அனுப்புறன், புதுசு மாதிரிச் செய்து வையுங்கோ" என்றான். ஊரில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, டிங்கர் வேலை, பட்டி, பெயின்ற் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும் என்றார். "கழட்டிச் சுரண்டினால் தகரம் எவ்வளவு மிஞ்சும் எண்டு அப்பதான் தெரியும் தம்பி" என்றும் சொன்னார். நேர்மையான பேச்சு. அம்மா விறாந்தையில் இருந்தபடியே ஒன்று மட்டும் சொன்னா: "அது கொப்பர் மூண்டு நாள் குந்தியிருந்து பூசினது."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. 2002-ல் போர்நிறுத்தம் வந்து, தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய வருடம், அப்பா இரண்டு ரின் சிவப்பு எனாமல் வாங்கிவந்து கையாலேயே பூசினார். ஸ்பிரே இல்லை, ப்ரைமர் இல்லை. இரண்டு அங்குலத் தூரிகை ஒன்றுதான்.

சரி, முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று, வலது மட்காட்டின் உட்பக்கத்தில் கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். 400 நம்பர் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஐந்து ரூபாய்க் குற்றி அளவு இடத்தை வட்டமாகத் தேய்த்தேன். பழைய பெயின்ற்றை நனைக்காமல் ஒருபோதும் தேய்க்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும், தூசியாகப் பறந்தால் மூச்சில் போகும். முகத்துக்கு மாஸ்க்கும் வேண்டும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கவும் கூடாது.

நடுவில் கூடுதலாகவும் விளிம்பில் குறைவாகவும் தேய்த்தால் படைகள் மரத்தின் வளையம் போல வெளியே வரும். வெளி வளையம் அப்பாவின் சிவப்பு, கொஞ்சம் செம்மஞ்சள் கலந்தது. அதற்கு உள்ளே, தலைமயிர் அளவில் ஒரு மண்ணிற வளையம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது பெயின்ற் இல்லை, எங்கள் தோட்டத்துச் செம்மண். கழுவித் துடைத்த பிறகும் ஒட்டியிருந்த தூசிக்கு மேலேயே அப்பா பூசியிருக்கிறார். அதற்கும் உள்ளே கருஞ்சிவப்பு, மெல்லியது, கெட்டியானது. அது கம்பனி பூசியது. பிறகு சாம்பல் அடிப்பூச்சு. நடுவில் ஒரு மிளகளவு இரும்பு மினுங்கியது.

நீர்வேலிச் செம்மண் இரண்டு சிவப்புக்கு நடுவில் இருபது வருடத்துக்கு மேலாக அடைபட்டுக் கிடக்கிறது. அன்று பின்னேரம் முழுக்க அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இடது மட்காட்டுக்குப் போனேன். அங்கே அதே வளையங்கள் தானாகவே உண்டாகியிருந்தன, பெரிதாக, ஒரு சுளகு அளவில். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஆட்கள் ஏறி இருக்கும் இடம் அது. அப்பாவின் சிவப்புத் தேய்ந்து, கம்பனிச் சிவப்புத் தேய்ந்து, நடுவில் இரும்பு எவர்சில்வர் போல. கறள் ஒரு பொட்டுக்கூட இல்லை. 1995 ஐப்பசி 30-ஆம் திகதி இரவு, ஆமி வருகிறது என்று எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பாச்சி அந்த மட்காட்டில்தான் இருந்தா. பின்னால் பூட்டிய பெட்டிக்குள் நாங்களும் அயலில் இரண்டு குடும்பமும். மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஒயில் கலந்து ஓடிய வண்டி, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க அடுத்த நாள் ஆகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வெங்காயம் ஏற்றியது, புகையிலை ஏற்றியது, கலியாணத்துக்கு வாழைக்குலை ஏற்றியது எல்லாம் உண்டு. அந்த மினுக்கம் ஒருநாளில் வந்ததில்லை.

இவ்வளவு பார்த்ததும் உடனே தீர்மானம் எடுத்துவிட்டேன் என்றில்லை. பழையது பழையதாக இருக்கட்டும் என்று விட்டால் கறளும் சேர்ந்துதான் இருக்கும். அது நிற்காது. எங்கள் பக்கம் கடல் எந்தத் திசையிலும் தூரமில்லை, காற்றிலேயே உப்பு உண்டு. அதோடு தோட்டத்து வண்டி. பசளை கலந்த சேறு மட்காட்டின் மடிப்புகளுக்குள் அடைந்து கிடக்கும். பொட்டாஷ் பசளையில் இருப்பதும் குளோரைட்தான், உப்பைப் போலவே இரும்பைத் தின்னும். காற்றில் ஈரம் இருந்தால் அதை இழுத்து வைத்தும் கொள்ளும். மரப்பிடியுள்ள ஸ்குரூட்ரைவரால் மடிப்பைக் கிண்டினேன். இரண்டு சிரட்டை மண் வந்தது. அதோடு செதில் செதிலாகத் தகரமும் வந்தது. வெளியே வடிவாக இருந்த இடம் உள்ளே கடதாசி போல.

எனவே, நிறத்தைப் பற்றிய கேள்வியையும் கறளைப் பற்றிய கேள்வியையும் பிரித்தேன். இது பிடிபட எனக்கு ஒரு மாதம் எடுத்தது. முழுக்கப் பூசு என்பவர்கள் கறளுக்குப் பயந்து சொல்கிறார்கள். தொடாதே என்பவர்கள் நிறத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறார்கள். மட்காட்டின் அடிப்பக்கத்தைப் பூசினால் மேல்பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

சித்திரையில் பிசுக்கு எடுத்தோம். ஊரில் வழக்கமாக டீசலை அடித்துக் கழுவி அப்படியே நிலத்தில் விடுவார்கள். நான் விடவில்லை. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், ஊற்றுவதெல்லாம் நேரே கிணற்றுத் தண்ணீருக்குத்தான் போகும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் ஒயில் கலந்து சனம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கீழே பழைய தகரத் தட்டு வைத்து, மரச் சட்டகப்பையால் சுரண்டி, மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். நேரம் எடுக்கும், ஆனால் பலன் இருந்தது. கியர்பொக்ஸின் இடது பக்கம் ஒயில் கசிந்து கசிந்து விரல் தடிப்புக்குப் பொருக்கு. அதை எடுத்தால் உள்ளே 1961-ன் சாம்பல் நிறம் நேற்றுப் பூசியது போல. கசிவே அதைக் காப்பாற்றியிருக்கிறது! அங்கே இனிப் பெயின்ற் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்பாவின் பெயின்ற் எங்கே பிடித்து நிற்கிறது, எங்கே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. பிளேட்டால் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். பொனட்டில் ஒன்றுமே வரவில்லை. ரேடியேற்றர் கிரிலின் கீழ்ப்பக்கம் சதுரம் சதுரமாக வந்துவிட்டது. அங்கே ஒயிலுக்கு மேலே பூசியிருப்பார் போல.

பொனட்டைக் கழுவும்போதுதான் அதைக் கண்டேன். முன்பக்க வளைவுக்குச் சற்று மேலே, பெயின்ற்றுக்குள் கறுப்பாக ஒரு மயிர், ஒரு அங்குல நீளம், ஒரு பக்கம் வளைந்து. தூரிகையில் இருந்து கழன்ற நார். பூசும்போது விழுந்ததை எடுக்காமல் அதற்கு மேலேயே தூரிகையை இழுத்திருக்கிறார். தடவினால் விரலில் தட்டும். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். தன் விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டா.

சிலர் அப்பாவின் படையைப் பக்குவமாக எடுத்துவிட்டுக் கம்பனிச் சிவப்பை வெளியே கொண்டுவரலாம் என்றார்கள். தின்னர் துணியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யக்கூடிய வேலைதான். பழைய வாகனம் சேர்ப்பவர்கள் அதைத்தான் மதிப்பார்கள். நானும் இரண்டு கிழமை அந்த எண்ணத்தில் இருந்தேன். அந்த நாருக்குப் பிறகு அதைக் கைவிட்டேன். கொவன்ட்ரியில் அதைப் பூசிய ஆளை நான் அறியேன். இதைப் பூசிய ஆளை அறிவேன்.

வைகாசியில் பிழை விட்டேன். வெளிறிய பெயின்ற்றுக்கும் வெறும் இரும்புக்கும் பொயில்ட் லின்சீட் எண்ணெய் பூசுவது பழைய முறை. ஹாட்வெயாரில் கிடைக்கும். டேர்பன்டைனோடு பாதிக்குப் பாதி கலந்து, தடவி, கால் மணி நேரத்தில் துடைத்து எடுத்துவிட வேண்டும். நான் வலது மட்காட்டில் தாராளமாகப் பூசிவிட்டு, நன்றாக ஊறட்டும் என்று சாப்பிடப் போனேன். சோளகம் தொடங்கியிருந்த நேரம். திரும்பி வந்தால் தோட்டத்துப் புழுதி முழுக்க அதில் ஒட்டி, சாண்ட் பேப்பர் போல ஆகியிருந்தது. எடுக்க இரண்டு நாள். மெல்லியதாகத் தடவி, துடைத்த துணியில் நிறம் ஏறாத வரைக்கும் துடைக்க வேண்டும். விடியற்காலையில், காற்று எழும்ப முன்னம்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் கொட்டிலின் மூலையில் போட்டிருந்தேன். பின்னேரம் எடுத்தபோது உள்ளே கை சுட்டது. லின்சீட் காய்வது தண்ணீர் காய்வது போல இல்லை. காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும், அப்போது சூடு வரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். பக்கத்திலேயே வைக்கோல்! இந்த எண்ணெயைத் தொடுகிற யாரும் துணியை வேலியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ரின்னுக்குள் போடுங்கள். சிலிக்கோன் கலந்த கார் பொலிஷ் மட்டும் வேண்டாம். பின்னொரு நாளில் பெயின்ற் பூச வேண்டி வந்தால் அது பிடிக்காமல் குழி குழியாக விலகி நிற்கும்.

அடிப்பக்க வேலையை ஆனியில் முடித்தேன். மட்காட் இரண்டின் உட்பக்கம், கால் வைக்கும் தட்டு, பற்றரித் தட்டு. கம்பித் தூரிகையால் உதிர்வதை எல்லாம் எடுத்து, பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் மாற்றி பூசினேன். சிவப்புக் கறள் கண்முன்னே கருத்துப் போகும், அப்படியானால் இரும்புப் பொஸ்பேற் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் ப்ரைமர், சாம்பல் எனாமல் இரண்டு படை. கடதாசி போல் ஆன மடிப்பை கராஜ் அண்ணை வெட்டி, மூன்று விரல் அகலத்துக்குப் புதுத் தகரம் வைத்து ஒட்டித் தந்தார். வெளியே தெரியாது.

வலது மட்காட்டில் செல் துண்டு பட்ட துளை ஒன்று. அப்பா இரண்டு பக்கமும் வோஷர் வைத்து ஒரு போல்ட்டால் இறுக்கி அடைத்திருந்தார். அதையும் வெட்டி ஒட்டிவிடலாம் என்றார் அண்ணை. வேண்டாம் என்றேன். போல்ட்டைக் கழற்றி, வோஷருக்குக் கீழே இருந்த கறளை எடுத்து, கிறீஸ் வைத்து அதே போல்ட்டைத் திரும்பப் பூட்டினேன்.

கிரிலின் கீழ்ப்பக்கம் உரிந்த இடத்துக்கு மட்டும் புதுச் சிவப்பு தேவைப்பட்டது. கடைச் சிவப்பில் கொஞ்சம் செம்மஞ்சளும், வெளிறலுக்கு ஒரு துளி வெள்ளையும் கலந்து, நாலு தரம் பழைய தகரத்தில் பூசிக் காயவைத்துப் பார்த்தே நிறம் பிடித்தேன். பூசியதும் தூரிகையால்தான்.

தம்பி ஆவணியில் வந்தான். வாசலில் நின்று பார்த்தபோது முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, மறைக்கவில்லை. "காசு போதாதோ அண்ணா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் அவன் கையைப் பிடித்து அந்த நாருக்கு மேலே வைத்தேன். பிறகு வலது மட்காட்டின் உட்பக்கத்தைக் காட்டினேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் பூசியும் அந்த ஐந்து ரூபாய்க் குற்றி வட்டத்தைச் சுற்றி டேப் ஒட்டி விட்டிருந்தேன். குனிந்து கனநேரம் பார்த்தான். "இந்த நடுவிலை இருக்கிற கோடு என்ன?" என்றான்.

"தோட்டத்து மண்."

தேருக்கு அடுத்த நாள் பற்றரி கட்டி, டீசல் லைனில் காற்று எடுத்து ஸ்டார்ட் செய்தோம். நாலாம் முறை பிடித்தது. தம்பி ஓட்டினான், அம்மா இடது மட்காட்டில் ஏறி இருந்தா. ஒழுங்கை முடியுமட்டும் போய்வந்தார்கள். இருக்கைத் தகரத்தின் அடி இன்னும் மிச்சம். ஐப்பசி மழைக்கு முன்னம் அதையும் முடிக்க வேண்டும்.