யூனிட்டை மூடுகிறார்களா? ராஜினாமா கடிதம் மட்டும் எழுதாதீர்கள், சிஸ்டர்

யூனிட் மூடப்போகிற செய்தி சர்க்குலராக வருவது அபூர்வம். இரண்டு வாரமாக ஸ்டோரில் கேட்டு இன்டென்ட் போட்ட, சளி உறிஞ்சும் சக்ஷன் கதீட்டர் வராது. வென்டிலேட்டர் கம்பெனி ஆள் வந்து சர்வீஸ் எதுவும் பார்க்காமல் சீரியல் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு போவார். அடுத்த மாத ரோஸ்டர் பாதியில் நிற்கும். பிறகு ஒரு மதியம், மார்னிங் டியூட்டி ஓவர் கொடுக்கும் நேரமாகப் பார்த்து ஹெச்.ஆர். வருவார். "முப்பதாம் தேதியோட ஐ.சி.யூ.வை க்ளோஸ் பண்றோம். எல்லாரும் ஒரு ரிசிக்னேஷன் லெட்டர் கொடுத்துடுங்க சிஸ்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் கையோட போட்டுத் தர்றோம்."

அந்த லெட்டரைக் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ், சட்டக் கணக்கில் மாதச் சம்பளம் 18,000 ரூபாய், சர்வீஸ் 6 வருடம் 7 மாதம் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகமே அனுப்பினால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம்: 18,000. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். மிச்சமிருக்கும் 7 மாதம் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதால் அதுவும் ஒரு வருடமாகும். ஆக 9,000 வீதம் 7 வருடத்துக்கு 63,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி: 18,000 × 15 ÷ 26 × 7, அதாவது 72,692. மொத்தம் 1,53,692 ரூபாய். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது கிராஜுவிட்டி மட்டும். ஒரு வெள்ளைத்தாளில் 81,000 ரூபாய் போய்விடும்.

1947 தொழில் தகராறுகள் சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் சரி, இந்த 15 நாள் கணக்கு மாறவில்லை. ஒரு வருடத் தொடர் சர்வீஸ் இருக்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஒரு வருடம்தான். 50 பேருக்குக் குறையாத இடமென்றால், மூடுவதற்கு 60 நாள் முன்பே அரசுக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். மூடுதல் என்பதில் வேலையிடத்தின் ஒரு பகுதியை மூடுவதும் அடங்கும். அதனால் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நோட்டீஸ் கொடுத்த காப்பி இருக்கா சார்?" இந்தக் கேள்வி வந்ததும் பேச்சின் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஐ.சி.யூ.வை மூடுகிறார்கள் என்பதற்காக ஐ.சி.யூ.வில் இருப்பவர்கள்தான் வெளியே போக வேண்டும் என்று இல்லை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது என்ற விதி பிரிவு வாரியாகப் பார்க்கப்படுவது. இங்கே பிரிவு என்பது ஸ்டாஃப் நர்ஸ். வார்டில், ஓ.டி.யில், கேஷுவாலிட்டியில் போன வருடம் சேர்ந்தவர்கள் இருக்கும்போது ஏழு வருட சர்வீஸ் உள்ள ஐ.சி.யூ. நர்ஸை அனுப்ப வேண்டுமென்றால் நிர்வாகம் அதற்குத் தனிக் காரணத்தை எழுத்தில் காட்டியாக வேண்டும். இது ஜூனியர் தங்கைகளோடு மனஸ்தாபம் வரக்கூடிய இடம், மறுக்கவில்லை. அதனால்தான் சீனியாரிட்டி லிஸ்ட்டைத் தனித்தனியாகப் போய்க் கேட்காமல் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவில் கேட்பது நல்லது.

வேறு வார்டுக்கு மாற்றுகிறோம் என்றால் பெரும்பாலும் அதுதான் லாபம். சம்பளம், சர்வீஸ் தொடர்ச்சி, சீனியாரிட்டி மூன்றும் மாறாது என்று ஆர்டரில் வரி வரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து மாற்றல் ஷரத்தைப் படியுங்கள். அந்த ஷரத்து இருந்து, நீங்கள் போக மறுத்தால், அதையே வேலைக்கு வராத குற்றமாக்குவார்கள். குழந்தையை விட்டுவிட்டு எந்த அம்மாவும் போகமாட்டாள் என்று தெரிந்தே போடும் ஆர்டர்களும் உண்டு. அதற்கும் பதிலை எழுத்தில்தான் தர வேண்டும்.

ராஜினாமாவுக்குப் பதிலாக என்ன எழுதுவது? அரைப் பக்கம் போதும்:

"இன்று மதியம் நடந்த கூட்டத்தில், வரும் 30-ஆம் தேதியுடன் ஐ.சி.யூ. மூடப்படும் என்று தெரிவிக்கப்பட்டது. நான் தானாக வேலையை விட்டு விலகவில்லை. தொடர்ந்து பணியாற்றத் தயாராக இருக்கிறேன். மூடும் முடிவையும், என் பணி நிலை என்ன என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு காப்பி. ஒன்றில் கடிதம் பெற்றதற்கான இன்வேர்டு சீல், தேதியோடு திரும்ப வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றைக்கே மெயிலில் அனுப்பி, ஸ்பீட் போஸ்ட்டிலும் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா? ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வரும் முன், முடிந்தால் அன்றைக்கே, "வாபஸ் பெறுகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அறிவிப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ரோஸ்டரைப் போட்டோ எடுங்கள். நோயாளி பெயர் இருக்கும் எதையும் எடுக்காதீர்கள். கேஸ் ஷீட்டை போனில் எடுத்தால் அதை வைத்தே உங்கள்மேல் நடவடிக்கை எடுப்பார்கள்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள் "நாங்கள் தொண்டு நிறுவனம், தொழில் இல்லை" என்று வாதாடும். புதிய தொகுப்பில் அதற்கு இடமும் இருக்கிறது, ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டியை அதைச் சொல்லி மறுக்க முடியாது. இரண்டாவது, இன்சார்ஜ் சிஸ்டர்கள். "நீங்க சூப்பர்வைசர், உங்களுக்கு இழப்பீடு கிடையாது" என்பார்கள். பதவிப் பெயர் முக்கியமில்லை, பார்க்கிற வேலைதான் கணக்கு. பெட்சைடில் நின்று மருந்து கொடுத்த இன்சார்ஜுக்கு, தன் இனிஷியல் இருக்கும் டியூட்டி ரோஸ்டரைவிட நல்ல சாட்சி கிடையாது. மூன்றாவது, பே ஸ்லிப். பேசிக் 7,000 என்றும் மற்றதெல்லாம் அலவன்ஸ் என்றும் போட்டிருப்பார்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாகக் காட்டினால், பாதியைத் தாண்டிய தொகையும் சம்பளத்தில் சேர வேண்டும் என்பது இப்போதைய விதி.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் நிறைய சில மாதம் பாக்கி இருப்பவர்கள் அவசரப்பட்டு மனசை விட வேண்டாம். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடைசி நாள் எது என்று பேசி முடிவாகும் முன் ரோஸ்டரை எடுத்து நாட்களை எண்ணுங்கள். பத்து நாள் தள்ளிப் போட்டால் நிறையும் என்றால் அந்தப் பத்து நாளைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் பெட்டில் நோயாளி இருப்பார். மூடும் தேதி தெரிந்ததும் நல்ல வேலை கிடைத்தவர்கள் கிளம்புவார்கள். வென்டிலேட்டருக்கு ஒருவர் என்று இருந்தது மூன்றுக்கு ஒருவர் என்றாகும். புது அட்மிஷன் எந்தத் தேதியோடு நிற்கிறது என்பதை மெடிக்கல் சூப்பிரண்டெண்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியது முதல் வேலை. ஆள் குறையும் ஷிஃப்டில் நர்சிங் சூப்பிரண்டெண்டுக்கு ஒரு வரி மெயில்: "இரவு 8 மணி, நோயாளி 6, வென்டிலேட்டர் 3, ஸ்டாஃப் 2." இது குறை சொல்வதற்கான மெயில் இல்லை. அன்றிரவு ஏதாவது நடந்தால் உங்கள் பக்கம் பேச அந்த ஒரு வரிதான் இருக்கும்.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது தவறு பெரும்பாலும் ஆம்புலன்ஸுக்குள்ளே நடக்கும். பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம். கேஜ் பாதி காட்டினால் 75 நிமிடம்தான். லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது, அங்கே பெட் ரெடியாகாமல் வாசலில் நிற்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள். மூச்சுக்குழாய்க்குள் போட்ட ட்யூப் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்பதைக் கிளம்பும் முன்னும் ஆம்புலன்ஸில் ஏற்றிய பின்னும் பார்த்து எழுதுங்கள். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்சில் "நார்அட் 5 மில்லி/மணி" என்று மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள். எத்தனை மில்லிகிராமை எத்தனை மில்லியில் கரைத்தது என்பது லேபிளில் இல்லையென்றால், அங்கே வேறு டைல்யூஷனில் அதே 5-ஐ ஓட்டுவார்கள். பிரஷர் ஒன்று விழும், இல்லை ஏறும். வாங்கிக்கொண்ட நர்ஸின் பெயரும் நேரமும் நர்சஸ் நோட்டில் வர வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி அதே சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றதா என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கைக் கேட்காமல் வண்டி கிளம்பக்கூடாது.

ஸ்டாக் ஒப்படைப்பை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, பிறகு கடைசிச் சம்பளத்தில் கை வைப்பார்கள். ஃபென்டனில், மார்ஃபின், கெட்டமின், மிடசோலம்: ஆம்ப்யூலாக எண்ணி, ரெஜிஸ்டர் பேலன்ஸோடு ஒத்துப் பார்த்து, ஃபார்மசிஸ்ட்டும் நீங்களுமாகக் கையெழுத்து. சாவி யார் கைக்குப் போனது என்பதும் எழுத்தில். ஆனால் தகராறு வருவது மார்ஃபினில் இல்லை, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் எஸ்.பி.ஓ.2 ப்ரோபில். ஐந்து வருடமாக ஒன்று போய் ஒன்று வந்து, பாதி பயோமெடிக்கலில் ரிப்பேருக்குக் கிடக்கும். இன்வென்ட்ரியில் மட்டும் பத்து என்று இருக்கும். பி.பி. கஃப், லாரிங்கோஸ்கோப் பிளேடு, ஆம்பு மாஸ்க் எல்லாம் இதே கதை. மூடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே பயோமெடிக்கலில் போய் அவர்கள் கையில் இருப்பதற்கு ரசீது, பயன்படாதென்று கழித்துக் கண்டெம்ன் ஆனதற்கு என்ட்ரி நகல் வாங்கிவிடுங்கள். காணாமல் போனதற்கு நர்ஸ் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால் அவர் அலட்சியத்தால்தான் போனது என்று காட்ட வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும். எல்லோருக்கும் ஆளுக்கு ஆயிரம் என்று பங்குபோட்டுப் பிடிப்பது செல்லாது. மஞ்சள், சிவப்புப் பைகளையும் கடைசி நாளில் அப்படியே விட்டுப் போகாதீர்கள். மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூடிய வார்டுக்குள் யாரும் வரமாட்டார்கள்.

ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. டிப்ளமோ அல்லது டிகிரி, மார்க் ஷீட்டுகள், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று: எது எது அவர்களிடம் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, திரும்பக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். இத்தனை வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டுக்கான பணம் கட்டினால்தான் தருவோம் என்றால், மூடுவது நாமா அவர்களா என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் ரசீது வந்த அன்றைக்கே கவரும் வந்துவிடும்.

எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்டில் "பணிபுரிந்தார், நன்னடத்தை" என்று இரண்டு வரி போதாது. சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, பதவி, எந்த யூனிட், எத்தனை படுக்கை, முழுநேரம் என்பதெல்லாம் லெட்டர்ஹெட்டில் சீலோடு வேண்டும். விடுவித்த காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று போட்டால் திருத்தச் சொல்லுங்கள். வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே வேலைக்குச் சேரும் முன் சான்றிதழ்களை உண்மைதானா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு பழைய ஆஸ்பத்திரியின் ஹெச்.ஆருக்கே போகும். யூனிட் மட்டும் மூடினால் பிரச்சினை இல்லை, ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரியே மூடினால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பே ஸ்லிப், ஃபார்ம் 16, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் நான்கையும் சேர்ந்த நாளிலிருந்து இப்போதே டவுன்லோடு செய்து வையுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், வேலையை விட்டு எடுத்ததைக் காரணம் காட்டிப் பேறுகாலப் பலனை மறுக்க முடியாது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அது இ.எஸ்.ஐ. வழியாக வரும், கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இ.எஸ்.ஐ. என்றதும் நினைவுக்கு வருவது ஒரு சின்ன எண். ஊழியர் விலகும்போது மாதாந்திரக் கணக்கில் ஆஸ்பத்திரி ஒரு காரணக் குறியீடு போடும். 2 என்றால் வேலையை விட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் பழக்கத்தில் 2-ஐத் தட்டிவிடுவான். இரண்டு வருடம் இ.எஸ்.ஐ. கட்டியவர்களுக்கு, மூடலாலும் ஆட்குறைப்பாலும் வேலை போனால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில் வேலையின்மைப் படி உண்டு: முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், வேலை கிடைக்காவிட்டால் அடுத்த 12 மாதம் 25 சதவீதம். தானாக விலகியவருக்கு இது கிடையாது. அதனால் அந்தப் பையன் பக்கத்தில் நின்று 10 போட்டதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

கடைசிச் செட்டில்மென்ட் இரண்டு வேலை நாளுக்குள், கிராஜுவிட்டி 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எல்லோரும் ஒரே மனுவாகப் போங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், மூன்று மாத பே ஸ்லிப், நீங்கள் கொடுத்த அந்த அரைப் பக்கக் கடிதத்தின் சீல் வைத்த காப்பி, இவை இருந்தால் போதும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பி.எஃப்.பில் விலகிய தேதியை ஆஸ்பத்திரி ஏற்றவில்லையென்றால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) தளத்தில் நீங்களே ஏற்றலாம். ஆதாரும் போன் நம்பரும் இணைந்திருக்க வேண்டும். ஹாஸ்டலைக் காலி செய்யும்போது பழைய சிம்மை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.