எதிர்த்துப் பேசினால் போதாது, மினிட்ஸில் ஏற வேண்டும்

ஒரு நிறுவனத்தின் போர்டு (இயக்குநர் குழு) கூட்டத்தில் ஒரு இயக்குநர் அரை மணி நேரம் தீர்மானத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். தலைவர் சுற்றிப் பார்த்து, "அப்ப பாஸ் பண்ணிடலாம்" என்கிறார். அப்போது அந்த இயக்குநர் வாயே திறக்கவில்லை. மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) வருவது: "விவாதத்துக்குப் பின் ஒருமனதாக நிறைவேறியது." பதிவின்படி அவரும் ஆதரித்தவர்தான்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 118ஆவது பிரிவு, எதிர்த்தவர்கள், உடன்படாதவர்கள் பெயரை மினிட்ஸில் எழுதச் சொல்கிறது. "ஒரு உறுப்பினர் கவலை தெரிவித்தார்" என்பது எழுதுபவருக்கு வசதி. எதிர்த்தவருக்கு ஒன்றுக்கும் உதவாது. கவலைப்பட்டுக்கொண்டே ஆதரிப்பவர்கள் ஏராளம். அதனால் கூட்டத்திலேயே இப்படிச் சொல்லுங்கள்: "நிகழ்ச்சி நிரலின் 7ஆம் பொருளான கடன் கொடுக்கும் தீர்மானத்தை எதிர்க்கிறேன். கடன் வாங்கும் நிறுவனத்தின் தணிக்கைக் கணக்கு வைக்கப்படவில்லை. என் பெயரோடு பதிவு செய்யுங்கள்." காரணம் ஒரே வரியில் இருக்கட்டும். நீட்டி எழுதினால், அவதூறு அல்லது பொருத்தமற்றது என்று வெட்டும் அதிகாரம் அதே பிரிவில் தலைவருக்கு இருக்கிறது.

எதிர்ப்பு பெரும்பாலும் தொலைவது வரைவில்தான். கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் வரைவு மினிட்ஸ் வரும். அது அனுப்பப்பட்டதிலிருந்து 7 நாளுக்குள் திருத்தம் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் வரைவை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். 30 நாளுக்குள் அது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிடும். பிறகு அனுப்பும் மெயில் ஒரு சான்றாகலாம், அவ்வளவுதான்.

கூட்டம் போடாமல் இயக்குநர்களுக்கு அனுப்பி ஒப்புதல் கேட்கும், சுற்றுக்கு விடும் தீர்மானத்தில் கதையே வேறு. கெடு நாளுக்குள் பதில் வராவிட்டால் அந்த இயக்குநர் வாக்களிக்காமல் விலகியதாகக் கணக்கு. விலகல் எதிர்ப்பும் அல்ல, ஆதரவும் அல்ல. விஷயம் சிக்கலானது என்று தோன்றினால், மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் சேர்ந்து அதைக் கூட்டத்தில் வைத்தே முடிவெடுக்கும்படி கேட்கலாம் (பிரிவு 175). பலருக்கு இது நினைவுக்கே வருவதில்லை.

அடுத்த கூட்டத்தில் பழைய மினிட்ஸைச் சரி என்று ஏற்க மறுப்பவர்களும் உண்டு. வீண் சண்டை. நடந்ததைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்பதுதான் அங்கே கேள்வி; முடிவு நல்லதா என்பதல்ல. வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்தும் எதற்கும் சம்மதம் ஆகாது.

சுயேச்சை இயக்குநர்களுக்கு (நிறுவனத்தோடு வேறு பண உறவு இல்லாத இயக்குநர்களுக்கு) இன்னொன்று. அதே சட்டத்தின் 149(12) பிரிவு, அவர்கள் பொறுப்பாளிகளா என்று தீர்மானிக்கையில் சம்மதத்தை மட்டும் பார்ப்பதில்லை, அக்கறையோடு நடந்துகொண்டார்களா என்றும் பார்க்கிறது. மார்ச்சில் எதிர்ப்பைப் பதிந்துவிட்டு, அந்தக் கடன் வசூலானதா என்று டிசம்பர் வரை கேட்காதவரிடம் அந்தக் கேள்வி வரும்.