நாற்பது நிமிஷம்

"எழுதிக்கோப்பா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் டைம் ஸ்டடி எடுப்பது, அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் பிடித்து எழுதுவது, அப்போது என் வேலை. அன்றைக்கு சாம்பிள் ரூம். ஷூவுக்கு அட்டை மாதிரி வெட்டுகிற பேட்டர்ன் மாஸ்டர், லாஸ்ட் என்கிற கால் அச்சை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பாலாற்று மணலைப் பார்த்தபடி இருந்தார். லாஸ்ட் மேல் மாஸ்கிங் டேப் சுற்றியாகிவிட்டது. பென்சிலால் கோடு போட்டு, டேப்பை உரித்து, அட்டையில் ஒட்டி வெட்ட வேண்டியதுதான் பாக்கி. பென்சில் காதில் இருந்தது.

"இன்னாண்ணே, சும்மா உக்காந்துகினு கீறீங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "எழுதிக்கோப்பா."

ஐடில்: 40 நிமிஷம்.

அப்புறம் பென்சிலை எடுத்தவர் ஆறே நிமிஷத்தில் மொத்தக் கோட்டையும் போட்டு முடித்தார். ரப்பரைத் தொடவில்லை. அதையும் எழுதினேன். ஆறுக்கும் நாற்பதுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று தோன்றவில்லை. ஷீட்டில் அதற்கு இடமும் கிடையாது. ஒன்றுக்குப் போய் வர 5 சதவீதம், களைப்புக்கு 4 சதவீதம் அலவன்ஸ் போடுவோம். ஜன்னலுக்கு என்ன போடுவது?

ஸ்டாப்வாட்ச் வேலைக்கே தகப்பன் ஃபிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்க இன்ஜினியர். இரும்புக் கட்டி சுமக்கிற ஆள் நாளில் 57 சதவீத நேரம் சுமையில்லாமல் இருக்க வேண்டும் என்று 1911-லேயே அவர் கணக்குக் கொடுத்திருக்கிறார். டிப்ளமோவில் படித்ததுதான். ஆனால் அது உடம்புக்கு. கண்ணெதிரே வேலை எதுவும் இல்லாதபோது மூளையில் சில பகுதிகள் கூடுதலாக ஓடுகின்றன என்று மூளை ஆராய்ச்சியாளர் மார்கஸ் ரெய்க்ல் குழு 2001-ல் எழுதியதை ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. உடனே எரிச்சலும் வந்தது. ஸ்டிச்சிங் ஹாலில் மெஷின் முன்னால் இருந்த பெண்களுக்கு எந்த ஜன்னல் இருந்தது? ஒருத்தி பாத்ரூம் போய் வர லேட்டானால் லைனே தேங்கும். அவர்கள் தலைக்குள் எதுவும் ஓடாதா? மாஸ்டருக்கு மட்டும் ஆறும் மலையும் காற்றும் ஏன்? இந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண்களை நினைத்தா எழுதினேன் என்றால், இல்லை.

ஷீட் மேலே போனது. மறு வாரம் அவர் மேஜை சுவர்ப் பக்கம் திரும்பியது. நாளுக்கு ஒரு பேட்டர்ன் என்றிருந்தது இரண்டானது. இரண்டும் நேரத்துக்கு வந்தன, நன்றாகவும் இருந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பழைய டிசைனில் ஸ்ட்ராப்பை மாற்றியது போல இருந்தன என்பதும் உண்மை. பையர் கேட்டதே அதைத்தானோ என்னவோ.

அவர் ரிட்டயர் ஆவதற்கு முன் ஒரு மத்தியானம் வாட்ச் இல்லாமல் போய் நின்றேன்.

"இன்னாப்பா, வெறுங்கையா வந்துகீற?" அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சும்மாதாண்ணே" என்றேன்.

கத்தி நிற்கவில்லை.