பேனலுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆள்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் மின்பராமரிப்பு வேலை பார்த்த காலம் முழுவதும் நான் மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: நைட் ஷிஃப்டில், கரண்ட் இருக்கும் மின்பெட்டியை, அதாவது பேனலைத் திறக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். "சும்மா நிற்பதற்கு ஒரு சம்பளமா?" என்று ஓர் ஒப்பந்தக்காரர் என்னிடம் நேராகவே கேட்டார்.

415 வோல்ட் பேனலில் ஒரு பேஸை, அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் ஒன்றைத் தொட்டபடி மறுகை இரும்புச் சட்டத்தில் பட்டால், உடம்பின் குறுக்கே சுமார் 240 வோல்ட் நிற்கும். கடலோரப் புழுக்கத்தில் வியர்த்து நனைந்த உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால், பாய்வது 240 மில்லி ஆம்பியர். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போய்விடும். இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டால், அடுத்த சில நிமிடங்களுக்குள் யாராவது மார்பை அழுத்தத் தொடங்கியாக வேண்டும். இரண்டாவது ஆளுக்குப் பதிலாக அரைமணிக்கொரு தரம் போனில் விசாரிக்கும் ஏற்பாட்டை நான் ஏற்க மறுத்தது இதனால்தான். மின்கசிவு ஏற்பட்டால் சப்ளையைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இருக்கிறதே என்பார்கள், இரண்டு பேஸுக்கு நடுவே மட்டும் மாட்டிக்கொண்டவரை அது கண்டுகொள்ளாது.

அந்த இரண்டாவது ஆள் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஹெல்பராக இருக்கக் கூடாது. எந்த பிரேக்கரை இறக்கினால் அந்த இடத்துக்கு வரும் சப்ளை நிற்கும் என்று வேலை தொடங்கும் முன்பே அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். ஷாக் அடித்தவரை வெறுங்கையால் பிடித்து இழுக்காமல் முதலில் பிரேக்கரை இறக்கும் நிதானமும், மார்பை அழுத்தும் பயிற்சியும் அவருக்கு வேண்டும். மின்னதிர்ச்சி முதலுதவி அட்டை சுவரில் தொங்குவதால் மட்டும் அந்தப் பயிற்சி வந்துவிடாது.

ஆனால் அவரால் கிடைக்கும் பெரிய பயன் விபத்துக்கு முன்னால் இருக்கிறது என்பது என் எண்ணம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் இல்லாத நாட்களில் எங்கு பார்த்தாலும் ஜெனரேட்டர் ஓடியது. லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைய விடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு வீட்டு ஜெனரேட்டரை இணைத்தாலும், அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியே பின்னோக்கி ஏறி 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனையே உயிர்ப்பித்துவிடக்கூடும். ஆகவே டெஸ்டரை உயிருள்ள சப்ளையில் சரிபார்த்து, லைனைச் சோதித்து, மறுபடியும் டெஸ்டரைச் சரிபார்த்து, லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகே கை வைக்க வேண்டும். களைப்பில் தனியாக இருப்பவர் இவற்றில் ஒன்றைத் தாண்டிவிடுவது மிக எளிது, "எர்த் போட்டாச்சாண்ணே?" என்று கேட்க ஒருவர் இருந்தால் வேலை செய்பவரின் கை நிற்கும்.

கடைசியில் ஓர் ஆலையில் கேட் செக்யூரிட்டிகளுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்க அனுமதி கிடைத்தது. பயிற்சி பெற்ற செக்யூரிட்டி ரவுண்ட்ஸ் போயிருக்கும் நேரத்தில் எந்த மோட்டார் நின்றாலும், அவர் திரும்பி வரும்வரை பேனல் பூட்டியே இருக்கும்.